வீட்டு முற்றத்தில் கார் பராமரிப்பு: எதுவரை நம் கை, எங்கிருந்து மெக்கானிக்கின் கை?

பாளை முற்றம்:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் வசிக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். என்னிடம் எட்டு ஆண்டுப் பழமையான சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு முறை தென்காசியிலுள்ள மகள் வீட்டுக்கும், பங்குனி உத்திரத்தன்று செம்மணல் மேடுகளான தேரிக்காட்டிலுள்ள எங்கள் சாஸ்தா கோயிலுக்கும் போய் வருவதைத் தவிர அதற்குப் பெரிய ஓட்டம் கிடையாது.

சென்ற மாதம் ஒரு பட்டறையில் ஆண்டுச் சர்வீஸுக்கு விட்டேன். ரசீதில் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், ஏசி பில்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பேரன் கைபேசியில் காட்டிய காணொளி ஒன்றைப் பார்த்த ஆர்வத்தில் பானெட்டைத் திறந்து, ஏர் பில்டர் பெட்டியின் கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கினால், உள்ளே இருந்தது பங்குனியில் தேரி மண் குடித்த அதே பழைய பில்டர்தான். மடிப்புகளுக்கிடையே செம்மண் அடையாகப் படிந்திருந்தது. காய்ந்த வேப்பம்பூக்கள்கூட ஒன்றிரண்டு கிடந்தன. கேட்டவுடன் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்பதால் அந்தப் பட்டறையைப் பற்றி மேலும் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் எட்டு ஆண்டுகளாக அந்த மூடியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத என் அலட்சியம்தான் அன்றிரவு முழுவதும் உறுத்தியது.

இனிச் சில வேலைகளையாவது நானே செய்வது என்று தீர்மானித்திருக்கிறேன். சாதாரண ஸ்பேனர் செட், இரண்டு திருப்புளி, வண்டியோடு வந்த ஜாக்கி ஆகியவை இருக்கின்றன. வேப்பமர நிழலில் சிமெண்ட் தளம் போட்ட முற்றமும் இருக்கிறது. எனக்கு வயது 61. எந்த வேலைகளைத் துணிந்து தொடலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மேலப்பாளையம் பட்டறை:

அண்ணாச்சி, நான் 22 ஆண்டுகளாக மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவன். மாற்றாத பொருளுக்குப் பணம் வாங்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இல்லை என்று சொன்னால் நானே சிரிப்பேன். கழற்றிய பழைய பொருளைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள், எனவே தயங்க வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட எல்லைக்கு நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். ஒரு வேலையைத் தொடங்கிப் பாதியில் முடியாமல் போனால், அந்த வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு என் பட்டறை வரைக்கும் வந்து சேர முடியுமா? முடியும் என்றால் அது உங்கள் வேலை. ஏர் பில்டர், ஏசி பில்டர், வைப்பர் பிளேடு, பல்பு, பியூஸ், டயர் காற்று, பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்வது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். ஆயிலை இறக்கிவிட்டுப் பழைய பில்டரைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தால் வண்டி முற்றத்திலேயே நிற்கும்; நானும் என் பையனை அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆனால் மாற்றுவதற்கு முன் பார்ப்பதைப் பழகுங்கள். வாரம் ஒரு முறை ஆயில் குச்சியை எடுத்துப் பார்ப்பவரின் வண்டி ஆயில் இல்லாமல் என் பட்டறைக்கு வந்ததே இல்லை. எஞ்சின் சூடேறி, அணைத்து, ஆயில் கீழே இறங்குவதற்கு ஐந்து பத்து நிமிடங்கள் விட்டு, வண்டி சமதளத்தில் நிற்கும்போது குச்சியை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் போதும். ஆயில் கறுத்துப்போயிற்று என்று பலர் பதறுகிறார்கள். அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வதுதான் அதன் வேலை, கறுக்கத்தான் செய்யும். ஆனால் தேயிலைப் பால் நிறத்தில் வெளிறிக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும், அப்போது வண்டியை எடுக்காமல் என்னைக் கூப்பிடுங்கள்.

மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் நல்லதல்ல. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரைக்கு மசகும் தன்மை கிடையாது.


தேரிக்காட்டு விளை:

ஐயா எந்த ஊர்ச் சாஸ்தா கோயிலுக்கு வருகிறார் என்று தெரியாது, ஆனால் சாத்தான்குளத்துக்குத் தெற்கே ஆடிக் காற்றில் ஒரு வாரம் ஓட்டிய வண்டியின் ஏர் பில்டரைப் பார்த்தவர்களுக்கு அவருடைய பில்டர் வியப்பாக இருக்காது. தேரி மண் மாவு போன்றது. கண்ணுக்குப் படாமலே எல்லா இடுக்கிலும் புகும். நிறுவனக் கையேடு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் சொன்னாலும், புழுதி மிகுந்த இடங்களில் அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்று அதே கையேட்டின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு அந்தச் சிறிய எழுத்துதான் சட்டம்.

காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக்கூடாது. காற்று அடிப்பதாக இருந்தால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, சற்றுத் தள்ளி நின்று அடிக்க வேண்டும். அழுக்குப் பக்கத்தில் குழாயை வைத்து ஓங்கி அடித்தால், மேலே இருக்கும் மண்ணைக் காகிதத்துக்குள் நாமே திணித்ததாகும். பில்டரைவிட முக்கியமானது அதைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு. அது பெட்டியில் சரியாக உட்காராமல் ஒரு கிளிப்பை மட்டும் அரைகுறையாக மாட்டிவிட்டால், வடிகட்டாத மண் நேராக எஞ்சினுக்குள் போய்ச் சிலிண்டர் சுவரை உப்புக்காகிதம் போலத் தேய்க்கும். அழுக்கான பில்டரோடு ஓடினால் வண்டி இழுக்காமல் சோர்ந்துபோகும், அவ்வளவுதான். தவறாக மாட்டிய புதிய பில்டரால் எஞ்சினே தேய்ந்துவிடும்.

இன்னொன்று. கதவுகளின் அடி விளிம்பில் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். தேரிக்குப் போய் வந்த பிறகு ஈர்க்குச்சியால் அவற்றைக் குத்திவிடுங்கள். மண் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயிண்டு கொப்பளிக்கும்போது காலம் கடந்திருக்கும்.


அம்பை ஆற்றங்கரை:

நான் அம்பாசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தினமும் திருநெல்வேலிக்குக் காரோட்டி வரும் வங்கிப் பணியாளர். ஆறு ஆண்டுகளாக டயர், பேட்டரி இரண்டையும் நானேதான் கவனித்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் பஞ்சர் கடையில் என்னைப் பார்த்து, வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா என்று கேட்டவர்கள் இப்போது என் அழுத்தமானியை இரவல் கேட்கிறார்கள்.

டயர் காற்றுக்கு ஐயா முதலில் வாங்க வேண்டியது சொந்தமாக ஓர் அழுத்தமானி. கடைக்குக் கடை முள் வேறுபடும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் முன் டயருக்கும் பின் டயருக்கும் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவே தவிர, நாம் நிரப்ப வேண்டிய அளவு அல்ல. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு பாகை கூடினால் டயர் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ கூடும் என்பதாலும், ஓட ஓட டயர் தானாகவும் சூடேறும் என்பதாலும், கத்திரி வெயிலில் தென்காசி போய்ச் சேர்ந்தவுடன் அளந்துவிட்டு, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் சோர்ந்துபோயிருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். உங்களைப் போலக் குறைவாக ஓட்டுபவர்களின் டயரில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகள், தேயாது. ஆனால் ரப்பர் வெயிலில் முற்றி வெடிப்பு விடும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறிய மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பின் வாசலின் தடவிவிடலாம். கழற்றும்போது நெகட்டிவ் முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில். இந்த வரிசை ஏன் என்றால், பாசிட்டிவ் முனையைக் கழற்றும் ஸ்பேனர் தவறி வண்டியின் உடம்பில் பட்டாலும் நெகட்டிவ் கழன்றிருந்தால் பொறி பறக்காது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும் என்பதால் பொறி என்பது அங்கே விளையாட்டல்ல. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடுங்கள். என் தங்க வளையலில் கருகிய தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது.

200 ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி வர வேண்டும். ஓடும்போதும் 12 அளவிலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்.


வள்ளியூர்க் காற்று:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை பட்டறைக்குக் கொடுக்கும் கூலியில் மிச்சப்படுத்த அழுத்தமானி, மல்டிமீட்டர், பில்டர் திருகி என்று வாங்கிக் குவித்தால், அந்தப் பணத்தை மீட்கவே சில ஆண்டுகள் ஆகும். ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருக்கிறது. காற்றாலை வேலைக்கு இரவும் பகலும் ஓடும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கத்துக்கு உரியது.

மேலப்பாளையத்து அண்ணாச்சியின் அளவுகோலிலும் ஓட்டை இருக்கிறது. பிரேக் ஆயிலைப் பாதியில் குழப்பினாலும் வண்டி ஓடத்தான் செய்யும். பட்டறை வரைக்கும் வந்துவிடும். பட்டறை வாசலில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் பற்றி மட்டும் ஒரு சொந்த அனுபவம் சொல்கிறேன். எங்கள் ராதாபுரம் வட்டாரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பானையிலேயே வெள்ளைப் பற்றுப் பிடிக்கும் உப்புத் தண்ணீர். அவசரத்துக்கு அதை ரேடியேட்டரில் ஊற்றி, பின்பு மறந்தும்போனேன். இரண்டு ஆண்டுகளில் ரேடியேட்டரின் குழல்கள் அடைத்து, பணகுடி தாண்டி எதிர்க்காற்றில் ஏறும்போது எஞ்சின் சூடேறி நின்றது. பேட்டரித் தண்ணீர் என்று விற்கும் வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், அல்லது கலந்தே விற்கும் கூலண்டை வாங்கிவிட வேண்டும். ரிசர்வ் டப்பாவின் குறியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பது யாரும் செய்யக்கூடியது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விலகி மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.


மேலப்பாளையம் பட்டறை:

வள்ளியூர்த் தம்பி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஓடுமா என்று மட்டும் கேட்டது என் பிழை. ஓடுமா, நிற்குமா என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிரேக்கில் கை வைக்காதீர்கள், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் பார்ப்பதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருந்தால் பலர் உடனே ஒரு சீசா வாங்கி நிரப்பிவிடுகிறார்கள். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேடு தேயத் தேய அதை அழுத்தும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே மட்டம் மெதுவாகக் குறைவது பேடு தேய்ந்திருக்கிறது என்று வண்டி சொல்லும் செய்தி. நிரப்பிவிட்டால் அந்தச் செய்தியை நாமே அழித்துவிடுகிறோம். பின்பு புதிய பேடு போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் பொங்கி வழியும். பெயிண்டில் பட்டால் உரித்துவிடும். திடீரென்று குறைந்தால் அது கசிவு. அப்போது வண்டியை எடுக்கவே கூடாது.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்வது பலருக்குப் பட்டறைக்காரன் தந்திரமாகத் தெரிகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 ஆக இறங்கிவிடும். பாளையங்கோட்டைச் சமதளத்தில் இந்த வேறுபாடு தெரியாது. செங்கோட்டைக்கு மேலே ஆரியங்காவு மலைப்பாதையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதி பஞ்சு போல அடிவரை போகும், வண்டி நிற்காது.

மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக் வயர்களுக்கு உரியவை. மின்சார வண்டிகளிலும் ஹைப்ரிட் வண்டிகளிலும் ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்துக்கு உரியவை. இவ்விரண்டு நிறங்களையும் கண்டால் பானெட்டையோ டாஷ்போர்டையோ மூடிவிட்டு வாருங்கள்.


தச்சநல்லூர் அரை மெக்கானிக்:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும். அரை மெக்கானிக் ஆனது எப்படி என்று சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆயில் மாற்றுவது என்று இறங்கினேன். ஆயில், கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 ரகம்; அளவு மூன்று லிட்டருக்குச் சற்று மேல், பில்டர் நிறுவனத்தினுடையது. எல்லாம் சரியாகவே வாங்கியிருந்தேன். ஆயிலை வடிக்கும் துளையை மூடும் டிரெயின் நட்டை முடுக்கும்போதுதான் தவறு நடந்தது. கசியக்கூடாது என்ற பயத்தில், ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று இழுத்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போலத் திடீரென்று நட்டு இலகுவாகச் சுற்றியது. என் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பர் அலுமினியம்; மரை போய்விட்டது. ஒரு வாஷர் புதிதாகப் போட்டு மிதமாக முடுக்கியிருந்தால் முடிந்திருக்கும் வேலைக்குச் சேம்பரையே மாற்ற நேர்ந்தது.

பில்டரிலும் ஒரு பாடம் உண்டு. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரங்களில் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதியதைத் திருகினால் இரண்டு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்று, எஞ்சினைப் போட்டவுடன் ஆயில் பீய்ச்சியடிக்கும். புதிய வளையத்தில் ஒரு துளி ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று முடுக்கினால் போதும்.

ஜாக்கியைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டியோடு தரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. தூக்கிய வண்டிக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புத் தாங்கிகள் இல்லாமல் அடியில் போகும் வேலையைச் செய்யவே வேண்டாம். அடுக்கிய செங்கலும் சிமெண்ட் கல்லும் தாங்கி ஆகா, அவை சொல்லாமல் பிளக்கும். டயர் மாற்றும்போதும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அத்துடன், நம் வீட்டு முற்றங்கள் சமமாக இருப்பதில்லை. மழைநீர் தெருவுக்கு வடிவதற்காக வாசலைப் பார்த்துச் சரித்தே தளம் போட்டிருப்பார்கள்.


பாளை முற்றம்:

உங்கள் சேம்பர் கதையைப் படித்த பிறகு ஆயில் மாற்றும் எண்ணத்தை ஒத்திவைத்துவிட்டேன். ஆயினும் ஒரு கேள்வி: நாமே மாற்றினால் பழைய ஆயிலை என்ன செய்வது? என் தந்தை காலத்தில் கரையானுக்காக வேலிக் கம்புகளிலும் மாட்டு வண்டியின் மரத்திலும் பூசுவார்கள்.


அம்பை ஆற்றங்கரை:

தயவுசெய்து பூச வேண்டாம், ஐயா. ஓடிய ஆயிலில் எஞ்சின் தேய்மானத்தின் உலோகத் துகள்களும் எரிந்த கழிவும் கலந்திருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் அதைத் தனி வகையாகவே வைத்திருக்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நாம் அனைவரும் குடிக்கிறோம். பழைய கேனிலேயே ஊற்றி மூடி, பட்டறையில் கொடுத்தால் அவர்கள் மொத்தமாகச் சேர்த்துச் சுத்திகரிப்பவர்களுக்கு அனுப்புவார்கள். கூலண்ட் இனிக்கும் நஞ்சு; கீழே சிந்தினால் தெருநாய் நக்கிச் செத்துப்போகும், உடனே கழுவிவிடுங்கள்.

ஆயில் கேன் காலியானால் அதில் ஒரு வெட்டுப் போட்டுவிட்டே எறியுங்கள். வெட்டுப்படாத காலிக் கேன்களுக்குப் போலி ஆயில் நிரப்புபவர்களிடம் நல்ல விலை உண்டு.


உவரிக் கரை:

கடலோரத்துக்காரன் என்ற முறையில் ஒரு சிறு சேர்க்கை. எங்களுக்கு எஞ்சினைவிட உடம்புதான் முதலில் போகும். உப்புக் காற்று ஓயாமல் அடிக்கும் இங்கே, மேலே பளபளவென்று துடைத்துவிட்டு அடிப்பாகத்தை மறந்தால், சைலென்சரும் சஸ்பென்ஷன் கைகளும் கவுரவமாகத் துருவாகி உதிரும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரைக் குழாயால் அடியிலும் சக்கர வளைவுகளின் உள்ளேயும் அடித்தால் போதும். கிணற்று நீரே உப்பாக இருந்தால் அதைக் கொண்டு கழுவுவது கழுவாமல் இருப்பதைவிட மோசம்.

பறவை எச்சத்தையும் வேப்பம் பிசினையும் காயவிடாதீர்கள்; ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்த பின் எடுங்கள், சுரண்டக்கூடாது. எங்கள் விளைப் பக்கம் மயில்கள் கதவில் தெரியும் தங்கள் பிம்பத்தையே எதிரி என்று எண்ணி, கறுப்புக் கதவைக் கொத்திக் கொத்திக் குழி ஆக்கிவிடுகின்றன. அதற்குச் சாக்கு போட்டு மூடுவதைத் தவிர வேறு பராமரிப்பு முறை எனக்குத் தெரியாது.


சந்திப்புப் படித்துறை:

செய்ய வேண்டியதையே எல்லோரும் பேசுகிறீர்கள். செய்யாமல் இருப்பதுகூடப் பராமரிப்புதான் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கற்றேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில், திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் காரின் இருக்கை வரைக்கும் தண்ணீர் ஏறியது. வடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் தம் வண்டி ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்த்தார். சிலிண்டருக்குள் புகுந்திருந்த தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதிக் கனெக்டிங் ராடு வளைந்தது. சாதாரணக் காப்பீட்டில் இப்படி ஸ்டார்ட் செய்து கெடுத்த எஞ்சினுக்குப் பணம் வராது. அதற்கென்று எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை தனியாக எடுத்திருக்க வேண்டும், அவர் எடுக்கவில்லை.

நான் சாவியையே தொடவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொண்டு, இழுவை வண்டிக்காக ஐந்து நாட்கள் காத்திருந்தேன். எஞ்சின் பிழைத்தது. இருக்கை நாற்றம் மட்டும் போவதற்கு அடுத்த கத்திரி வரவேண்டியிருந்தது.

வேப்பமரத்தடியில் வண்டி நிறுத்தும் ஐயாவுக்கு ஒரு சொல்: முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள சல்லடைத் தட்டில் இலை அடைத்தால், மழைநீர் வடியாமல் காற்று வரும் வழியாக உள்ளே இறங்கும். ஐப்பசி மழைக்கு முன் அதை வாருங்கள்.


பாளை முற்றம்:

இரண்டு வாரங்களாக நான் செய்தவற்றை எழுதுகிறேன்.

புதிய ஏர் பில்டரை மாட்டி, ரப்பர் விளிம்பை விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தே மூடினேன். டாஷ்போர்டு பெட்டியைக் கழற்றி ஏசி பில்டரையும் பார்த்தேன்; அது உண்மையாகவே புதியது, ஆகவே அந்தப் பட்டறையைப் பற்றி நான் நினைத்ததில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சல்லடைத் தட்டிலிருந்து இரண்டு கை நிறைய வேப்பிலைச் சருகு வந்தது. பேட்டரி 12.5 காட்டியது. அட்டையில் 33 என்று போட்டிருக்க, டயர்களில் 27 முதல் 31 வரை இருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியை அளந்தால் 12. எட்டு ஆண்டுகளாக அதை ஒருவரும் தொடவில்லை. நான்கு இலக்கங்களும் வண்டியின் வயதையே சொல்கின்றன.

ஒரே ஒரு கவலை. ஆயில் குச்சியில் மட்டம் மேல் குறியைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு தெரிகிறது. மூன்று நாட்கள் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. பட்டறையில் கூடுதலாக ஊற்றிவிட்டார்களா? கொஞ்சம் இறக்க வேண்டுமா?


மேலப்பாளையம் பட்டறை:

எதையும் இறக்காதீர்கள், அண்ணாச்சி. வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது?


பாளை முற்றம்:

தெருவைப் பார்த்து.


தச்சநல்லூர் அரை மெக்கானிக்:

அப்படியென்றால் சரிவில் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது. நான் முன்பே எழுதியிருந்தேன்.


பாளை முற்றம்:

இன்று காலை வண்டியை எங்கள் பழைய பள்ளி மைதானத்தின் அருகேயுள்ள தார்ச் சாலைக்குக் கொண்டுபோய், தரையில் ஒரு பந்தை வைத்து அது உருளவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பத்து நிமிடம் காத்திருந்து அளந்தேன். மட்டம் மேல் குறிக்குச் சற்றுக் கீழே, சரியாக இருக்கிறது. முற்றத்தில் அளப்பதற்கு இனி வண்டியை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டெப்னிக்கு 33 காற்று நிரப்பியாயிற்று. புதிய டயர் பங்குனிக்கு முன் வாங்கிவிடுவேன்.